கேப்போவின் பூர்வீகம்: திருமுதுகுன்றத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

கேப்போ மாட்டி வாசிக்கிறவனுக்குக் கை வராது என்பது கிட்டார் உலகில் நெடுங்காலமாக நிலவிவரும் கொள்கை. இதைச் சொல்பவர்களில் பெரும்பாலோர் எஃப் கார்டை ஆள்காட்டி விரலில் ரத்தம் கட்டும்வரை அழுத்திப் பழகியவர்கள். தாம் பட்ட பாட்டை அடுத்தவன் படாமல் தப்பிப்பதா என்கிற நியாயமான வருத்தம் அவர்களுக்கு. இந்த ஆய்வு அந்த வருத்தத்தை மதிக்கிறது; கொள்கையை மறுக்கிறது. கேப்போ சோம்பேறியின் கருவி அன்று, அடியாரின் கருவி. அதன் பிறப்பிடம் இத்தாலியும் அன்று, அமெரிக்காவும் அன்று. கடலூர் மாவட்டம் விருத்தாசலம். இதை நிறுவுவதே நோக்கம். நிறுவாமல் எழுந்திருப்பதாக உத்தேசமில்லை.

சித்தாந்த நூல்களின் மரபுப்படி முதலில் பரபக்கம், அதாவது பிறர் கொள்கையை எடுத்துச் சொல்லி மறுப்பது. பிறகு சுபக்கம், நம் கொள்கையை நாட்டுவது. அதற்கும் முன்னால், கிட்டாரைக் கல்யாண வரவேற்பு மேடையில் மட்டுமே பார்த்திருக்கும் வாசகருக்குப் பொருள் இன்னதென்று சொல்லிவிட வேண்டும்.

துணி காயப்போடும் கிளிப்புக்கு வசதியான வீட்டில் வாழ்க்கைப்பட்ட அக்கா ஒருத்தி இருந்தால் அவள்தான் கேப்போ. வில்கம்பி வைத்த இரண்டு தாடை, ஒன்றில் ரப்பர் பட்டை. கிட்டாரின் கழுத்தில் ஃபிரெட் எனப்படும் குறுக்குக் கம்பிகளில் ஏதாவதொன்றை ஒட்டி இதை மாட்டினால் ஆறு தந்தியும் ஒருசேர அந்த இடத்தில் அழுந்தும். தந்தியின் நீளம் குறையும், சுருதி ஏறும். ஃபிரெட் ஒன்றுக்கு அரை ஸ்வரம் கணக்கு. வாசிப்பவனின் விரல் பழகிய அதே சி கார்டைத்தான், அதாவது சில ஸ்வரம் சேர்ந்த பிடியைத்தான், பிடிக்கும். கேப்போ இரண்டாம் ஃபிரெட்டில் இருந்தால் பெட்டியிலிருந்து வருவது டி. கையில் ஒன்று, காதில் ஒன்று. இந்தக் கடைசி வாக்கியத்தை வாசகர் முந்தானையிலோ துண்டிலோ முடிந்துவைத்துக்கொள்ள வேண்டும். ஆய்வு முழுவதும் அதன் மேல்தான் நிற்கப்போகிறது.

கேப்போ வாங்கக் காசில்லாதவர் ஒரு பென்சிலைத் தந்திகளின் மேல் குறுக்கே வைத்து, இரண்டு முனையிலும் ரப்பர் பேண்டை மாட்டிக் கழுத்துக்குப் பின்னால் இழுத்துக் கட்டி வேலையை முடிப்பார். உருண்டைப் பென்சில் நழுவும். ஆறு பட்டைப் பென்சில் நிற்கும்.

கேப்போவின் ஒன்றுவிட்ட தம்பி மாற்றுச் சுருதி. கடையில் வாங்கும்போது கிட்டாரின் ஆறு தந்தியும் ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்று நிற்கும். தந்தியை முறுக்கும் கீயைத் திருகி அந்த வரிசையையே கலைத்து வேறு ஸ்வரங்களில் நிறுத்திக்கொள்வது மாற்றுச் சுருதி. முன்னது கழுத்தைப் பிடிப்பது, பின்னது காதைத் திருகுவது.

பரபக்கம்

இத்தாலியக் கட்சி சொல்வது: 1640இல் ஜொவான்னி பத்திஸ்தா தோனி என்ற இசையறிஞர் தம் நூலில் ‘கப்போ தாஸ்தோ’ என்று எழுதிவிட்டார், ஆகவே பொருள் எங்களுடையது. மறுப்பு: பெயர் வைத்தவர் எல்லாரும் பெற்றவர் ஆகிவிடமாட்டார்கள்.

அமெரிக்கக் கட்சி சொல்வது: கனெக்டிகட் மாநிலத்துக் கிட்டார்த் தயாரிப்பாளர் ஜேம்ஸ் ஆஷ்போர்ன் 1850இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார். மறுப்பு: மஞ்சளுக்கும்கூடத்தான் அங்கே காப்புரிமை கொடுத்தார்கள், 1997இல் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

ஸ்பெயின்காரர்களைக் கொஞ்சம் மரியாதையோடு மறுக்க வேண்டும். அவர்களுடைய ஃபிளமெங்கோ இசை மேடையில் மரத்துண்டு, நூல், ஒரு முளை இவற்றைக் கொண்டு கட்டிய கேப்போ வெகுகாலமாகப் புழங்குகிறது. அங்கே பாடகரின் தொண்டைதான் எஜமான். கிட்டார் ஊழியம் செய்யும். தொண்டை எங்கே நிற்கிறதோ அங்கே கட்டையை நகர்த்திக் கட்டுவார்கள், யாரும் யாரையும் கேலி செய்வதில்லை. கொள்கை சரி. காலம்தான் பிந்தியது.

சுபக்கம்

எட்டாம் நூற்றாண்டு. சுந்தரமூர்த்தி நாயனார் திருமுதுகுன்றத்துக்கு வருகிறார். விருத்தாசலத்தின் தேவாரப் பெயர் அது. அவ்வூர் இறைவன் பழமலைநாதர் அவருக்குப் பன்னிரண்டாயிரம் பொன் தருகிறார். அத்தனையையும் சுமந்துகொண்டு திருவாரூர் போவது எப்படி? ‘மணிமுத்தாற்றில் போடு, ஆரூர்க் குளத்தில் எடுத்துக்கொள்’ என்று உத்தரவாகிறது. சுந்தரர் விவரமானவர். பொன்னில் சிறிது மச்சம், அதாவது மாதிரி, வெட்டிக் கையில் வைத்துக்கொண்டு மிச்சத்தை ஆற்றில் போட்டுவிட்டுக் கிளம்புகிறார். ஆரூர் போய்க் கமலாலயக் குளத்தில் இறங்கித் துழாவுகிறார். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுகிறவரைப் பார்த்து மனைவி பரவையாருக்குச் சிரிப்பு வருகிறது. நாயனார் பாடுகிறார், பொன் வருகிறது. மச்சத்தோடு உரைத்துப் பார்த்தால் மாற்றுக் குறைவு. மறுபடி பாடுகிறார், மாற்று நேராகிறது. சேக்கிழார் சொல்லும் வரலாறு இவ்வளவு.

இனி நம் வேலை. இட்ட இடம் ஒன்று, எடுத்த இடம் இன்னொன்று. சி கார்டில் இட்டு டி கார்டில் எடுப்பது இதுவன்றி வேறென்ன? ஆறு என்பது விரல் படும் இடம், குளம் என்பது ஒலி எழும் இடம். நடுவே நூறு கிலோமீட்டருக்கு மேல் கண்ணுக்குத் தெரியாமல் நடந்த பெயர்ச்சிதான் கேப்போ. கரையில் நின்று சிரிக்கும் பரவையார், ‘கேப்போ போட்டா அது வாசிப்பா?’ என்கிற மரபாளர் கட்சி. பொன் வெளியே வந்தும் மாற்றுச் சரியில்லாமல் போனதே, அந்த இடம் இன்னும் அழகு. கேப்போ மாட்டிய எந்தக் கிட்டாரும் மாட்டிய உடனே சுருதி சேராது. ரப்பர் தந்தியை அழுத்துகிற அழுத்தத்தில் இம்மியளவு விலகும்; மறுபடி கீயைத் தொட்டுச் சரிசெய்ய வேண்டும். சுந்தரருக்கு மாற்று இறங்கியது, நமக்குச் சுருதி ஏறுகிறது. ஏற்றமும் இறக்கமும் இறைவன் செயல்.

வெட்டிக் கையில் வைத்துக்கொண்ட மச்சம்? அதுதான் சுருதிக்கவை. ஆதார அளவு ஒன்று தனியாகக் கையில் இருந்தால்தான் மற்றது சரியா தவறா என்று சொல்ல முடியும். உலகம் இதை உணர்ந்து, ஏ என்ற ஸ்வரம் நொடிக்கு 440 அதிர்வு என்று சர்வதேசத் தரநிலை போட்டது. அந்தத் தரநிலையின் எண் ஐஎஸ்ஓ 16. பதினாறு என்ற எண்ணை வாசகர் மறக்க வேண்டாம். சற்று நேரத்தில் திரும்ப வரும்.

‘பொன் ஸ்வரம் ஆகுமா?’ என்பார் உளர். ஒரு ஸ்தாயிக்கு ஸ்வரத்தானம் பன்னிரண்டு. கொடுத்த பொன் பன்னிரண்டாயிரம். தானம் ஒன்றுக்கு ஆயிரம் பொன் வீதம் மிச்சமில்லாமல் வகுபடுகிறது. பழமலைநாதர் பதினோராயிரத்தோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க முடியாது.

சுந்தரரை விட்டுச் சேக்கிழாரின் காலத்தையே கணக்கில் எடுத்தாலும் பன்னிரண்டாம் நூற்றாண்டு. இத்தாலிக்கு ஐந்நூறு ஆண்டு முந்தியாயிற்று. விருத்தாசலம் சந்திப்பு கார்டு லைனில் இருப்பதைச் சான்றாகக் காட்டலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். அது மலிவான வாதம், சேர்க்கவில்லை.

வீசமும் பதினெட்டும்

‘காசியைவிட வீசம் அதிகம் விருத்தகாசி’ என்று இந்த வட்டாரத்தில் எந்தப் பாட்டியும் சொல்வார். புண்ணியத்தில் விருத்தாசலம் காசியைவிட ஒரு வீசம் கூடுதல் என்பது பொருள். வீசம் என்றால் பதினாறில் ஒன்று. இந்தக் கணக்கை இதுவரை பக்தர்கள் மட்டும் பயன்படுத்தியிருக்கிறார்கள். கிட்டார் வாசிப்பவர்கள் கையில் எடுத்தால் என்ன ஆகிறது என்று பார்க்கலாம்.

காசியின் அதிர்வு ஒன்று என்று கொள்வோம். அதோடு ஒரு வீசம் சேர்த்தால் விருத்தகாசி 1.0625. இப்போது கிட்டாரின் முதல் ஃபிரெட்டில் கேப்போவை மாட்டினால் அதிர்வு எத்தனை மடங்கு ஏறும்? 1.0595. அதாவது காசியில் நின்று வாசிப்பவர் முதல் ஃபிரெட்டில் கேப்போ மாட்டினால் அநேகமாக விருத்தாசலம் வந்துவிடுகிறார். ரயில் தேவையில்லை.

‘அநேகமாக’ என்று சொன்னது ஆய்வு நேர்மைக்காக. இசையில் மிக நுண்ணிய இடைவெளியை சென்ட் என்று அளப்பார்கள். மனை விற்கிறவர்களின் சென்ட் வேறு. ஒரு ஸ்தாயி 1,200 சென்ட், ஒரு ஃபிரெட் 100 சென்ட். வீசக் கணக்கு 105 சென்ட்டில் போய் நிற்கிறது. நீளத்தில் சொன்னால், 650 மில்லிமீட்டர் தந்தி உள்ள கிட்டாரில் முதல் ஃபிரெட், தந்தி தொடங்கும் நட்டிலிருந்து 36.5 மில்லிமீட்டரில் இருக்கும். வீசக் கணக்குப்படி 38.2இல் இருக்க வேண்டும். உதைக்கும் அந்த ஐந்து சென்ட்டை என்ன செய்வது? ஒன்றும் செய்ய வேண்டாம். மலிவு விலைக் கேப்போவின் வில்கம்பி முரட்டுத்தனமாக அழுத்துவதில் தந்தி ஐந்து சென்ட் தாராளமாக ஏறும். விலை உயர்ந்த கேப்போ நூறு சென்ட்டோடு நின்றுவிடுகிறது; முழு வீசம் மலிவானதில்தான் கிடைக்கிறது. எளியோர்க்கு இரங்கும் தலம் என்பது சும்மா வந்த பேரா?

இதோடு முடிந்திருந்தால் இது வெறும் தற்செயல் என்று ஒதுக்கியிருக்கலாம். பழமலைநாதர் என்கிற விருத்தகிரீஸ்வரர் கோயிலுக்குள் நுழைந்ததும் ஆழத்துப் பிள்ளையார் இருக்கிறார். தரை மட்டத்துக்குக் கீழே, பதினெட்டுப் படி இறங்கிப் போய்த்தான் கும்பிட வேண்டும். பதினெட்டு ஏன்? கலிலியோவின் தந்தை வின்சென்சோ கலிலேயி வீணை போன்ற லூட் வாத்தியம் வாசித்தவர். 1581இல் வெளியிட்ட நூலில் ஃபிரெட் வைப்பதற்கு அவர் ஒரு விதி சொன்னார்: தந்தியின் நீளத்தைப் பதினெட்டாக வகு, ஒரு பங்கைத் தள்ளி முதல் ஃபிரெட்டை வை, மீதி நீளத்தை மறுபடி பதினெட்டாக வகு, அடுத்ததை வை. கிட்டார் செய்பவர்கள் நெடுங்காலம் இந்தப் பதினெட்டை வைத்தே பிழைத்தார்கள். மகன் மேலே பார்த்தார், வானம் கிடைத்தது. தகப்பனார் கீழே இறங்கினார், பதினெட்டு கிடைத்தது. பிள்ளையாரும் கீழேதான் இருக்கிறார்.

இப்போது இரண்டையும் சேர்க்க வேண்டும். கலிலேயி விதிப்படி ஓர் அரை ஸ்வரம் 18/17. வீச விதிப்படி ஓர் அரை ஸ்வரம் 17/16. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஃபிரெட் ஏறினால் பெருக்க வேண்டும். பெருக்குகையில் மேலே ஒரு பதினேழு, கீழே ஒரு பதினேழு, இரண்டும் அடிபட்டு ஓடுகின்றன. மிஞ்சுவது 18/16. சுருக்கினால் 9/8. கர்நாடக இசையில் சதுச்ருதி ரிஷபத்தின் சுத்தமான விகிதம் இது. ஒரு மயிரிழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பிள்ளையாரிடம் கீழே இறங்கி, காசிக்கு மேலே ஒரு வீசம் ஏறி வந்தால் ஒரு கட்டை சுருதி இரண்டு கட்டை ஆகிவிடுகிறது. இதை வைத்துக்கொண்டும் தற்செயல் என்பவர்களோடு வாதிட நேரமில்லை.

மேற்கோள் இல்லாத ஆய்வு மதிப்புப் பெறாது. தக்க நூற்பா கிடைக்காததால் நாமே ஒன்று யாத்துக்கொண்டோம்:

‘வீசம் ஏறலும் ஆழம் இறங்கலும்
மாசறக் கூடின் ரிஷபம் ஆகும்.’

இதற்கு உரை எழுதும் பொறுப்பை இளைய தலைமுறைக்கு விடுகிறோம். சொ. விருத்தாசலம் என்ற இயற்பெயர் கொண்ட புதுமைப்பித்தன் இருந்திருந்தால் என்ன உரை எழுதியிருப்பார் என்று நினைக்காமல் இருப்பது நல்லது.

ஐந்தும் அம்மாவும்

இந்தக் கோயிலில் எல்லாம் ஐந்து. கோபுரம் ஐந்து, பிராகாரம் ஐந்து, கொடிமரம் ஐந்து, நந்தி ஐந்து, தீர்த்தம் ஐந்து, தேர் ஐந்து. கிட்டாரில் ஐந்து எங்கே வருகிறது? ட்யூனர் இல்லாதவன் சுருதி சேர்க்கும் முறையில். தடித்த தந்தியின் ஐந்தாம் ஃபிரெட்டை அழுத்தி மீட்டி, அடுத்த தந்தியை அதோடு சேர்ப்பான். பிறகு அந்தத் தந்தியின் ஐந்தாம் ஃபிரெட், அதற்கடுத்தது, இப்படியே. ஜி தந்தியில் மட்டும் நான்காம் ஃபிரெட். இந்த விதிவிலக்கு ஆய்வுக்கு ஊறு செய்வதால் இங்கே விரித்துரைக்கவில்லை.

தொண்டைக் கணக்கும் ஐந்தில்தான் வந்து விழுகிறது. நம் ஊரில் சுருதியைக் கட்டையால் சொல்வோம்: ஒரு கட்டை சி, இரண்டு டி, மூன்று ஈ, நான்கு எஃப், ஐந்து ஜி, நடுவில் வரும் கறுப்புக் கட்டைகளுக்கு ஒன்றரை, இரண்டரை. ஆண்களில் பலர் ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையில் பாடுவார்கள். பெண்களில் பலர் ஐந்து, ஐந்தரை. இரண்டு கட்டை அண்ணனுக்கு வாசித்துக்கொண்டிருந்தவன் ஐந்து கட்டைத் தங்கைக்கு வாசிக்க வேண்டுமானால் கேப்போ எந்த ஃபிரெட்டுக்குப் போகும்? டியிலிருந்து ஜி வரை விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். ஐந்து.

கேப்போவின் உண்மையான களம் கச்சேரி மேடை அன்று, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை. சிற்றூர்களில் கிட்டார் முதலில் கையில் ஏறும் இடம் பெரும்பாலும் தேவாலயப் பாடற்குழு. அங்கே பாட்டை எந்தச் சுருதியில் எடுப்பது என்று முடிவு செய்பவர் கிட்டார்க்காரப் பையன் அல்லன். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒரு வயதான அம்மா. அவருக்கு அன்று காலை தொண்டை எப்படி இருக்கிறதோ அதுதான் சுருதி. பையன் ஜியில் தயாராக நிற்பான். அம்மா ஜிக்கும் ஏக்கும் நடுவே எங்கோ ஒரு பொட்டில் கணீரென்று தொடங்கிவிடுவார். ‘ஆன்ட்டி, கொஞ்சம் இறக்கிப் பாடுங்க’ என்று சொல்லும் துணிவு யாருக்கு உண்டு? பையன் முதல் அடி முடிவதற்குள் தந்தியைத் தடவிப் பார்ப்பான், இடது கையால் கேப்போவை அமுக்கித் திறந்து ஒரு ஃபிரெட் மேலே தள்ளுவான், இரண்டாம் அடியில் சேர்ந்துகொள்வான். அம்மாவுக்கு எதுவும் நடந்ததே தெரியாது. ‘தம்பி இன்னிக்கு நல்லா வாசிச்சே’ என்று சொல்லிவிட்டுப் போவார். உலகத்துக் கேப்போ இலக்கியம் எல்லாவற்றையும் இந்த ஒரு நொடியில் அடக்கிவிடலாம்.

பக்கத்தில் கீபோர்டு வாசிப்பவன் என்ன செய்தான்? ‘டிரான்ஸ்போஸ்’ பொத்தானை ஒரு தட்டுத் தட்டினான். வெள்ளைக் கட்டைகளிலேயே வாசிக்கிறான். வெளியே எந்தச் சுருதி வேண்டுமோ அது வருகிறது. அவனை யாரும் கை வராதவன் என்பதில்லை. கட்டைகளை அப்படியே பக்கவாட்டில் நகர்த்தும் ஸ்கேல் சேஞ்சர் ஆர்மோனியத்தை இன்னும் அதிக விலை கொடுத்து வாங்குகிறோம், மரியாதையும் சேர்த்துக் கொடுக்கிறோம். கிளிப் மாட்டியவன் மட்டும் குற்றவாளி. இது வர்க்கப் பிரச்சினையா என்று வேறொரு துறை ஆராயட்டும்.

கீயைத் திருகியோர்

மாற்றுச் சுருதிக்கு அயலகத்தில் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு டி, ஏ, டி, ஜி, ஏ, டி. இங்கிலாந்தின் டேவி கிரகாம் 1960களின் தொடக்கத்தில் மொராக்கோ போய், அங்குள்ள ஊத் வாத்தியக்காரர்களோடு சேர்ந்து வாசிப்பதற்காக இப்படித் திருகிக்கொண்டார். நம் கட்டைக் கணக்கில் டியை ஆதார ஷட்ஜமாக வைத்து இதைப் படித்தால்: ச ப ச ம ப ச. தம்புராவில் மத்தியமம் தவறி விழுந்துவிட்டது போல இருக்கிறது. அந்த மத்தியமத்தையும் நாம் விட்டுவைக்கவில்லை. புன்னாகவராளி, செஞ்சுருட்டி, குறிஞ்சி, நவரோஜ் போன்ற ராகங்களுக்கு மத்தியமத்தையே ஷட்ஜமாக்கிப் பாடும் மத்யம ஸ்ருதி முறை இருக்கிறது. தம்புராவின் பஞ்சமத் தந்தியை மத்தியமத்துக்கு இறக்கிக்கொள்வார்கள். மொராக்கோ வரை போகாமல் உட்கார்ந்த இடத்தில் பிருடையைத் திருகி முடித்த காரியம்.

பெரிய சாட்சி வயலின். ஐரோப்பாவில் அது ஜி, டி, ஏ, ஈ. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஓர் ஐரோப்பியரிடம் அதைக் கற்று நம் இசைக்குக் கொண்டுவந்தார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்குத் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834இல் தந்தத்தாலான வயலின் பரிசளித்தார். வந்த வாத்தியத்தை நம்மவர்கள் தரையில் உட்காரவைத்து, தலையைக் கணுக்காலில் சாய்த்து, நான்கு தந்தியையும் ச ப ச ப என்று மாற்றி நிறுத்திவிட்டார்கள். இருநூறு ஆண்டாக மாற்றுச் சுருதியில்தான் நம் வயலின் பாடுகிறது. மாண்டலின் சீனிவாஸ் எட்டுத் தந்தி மாண்டலினைக் கழித்து ஐந்து தந்தி மின் மாண்டலினாக்கினார். ஐந்து.

இங்கே கேலியை ஒரு பத்திக்கு நிறுத்திவைக்கலாம். கனடாவின் ஜோனி மிட்செல் ஐம்பதுக்கும் மேற்பட்ட மாற்றுச் சுருதிகளில் பாட்டுக் கட்டியவர். ஒன்பது வயதில் போலியோ தாக்கியதில் அவருடைய இடது கைக்கு வலுக் குறைந்தது. வழக்கமான சுருதியில் கார்டுகளைப் பிடிக்கக் கை ஒத்துழைக்கவில்லை. ஆகவே விரலை வளைப்பதற்குப் பதில் தந்தியை வளைத்தார். யாரும் பிடிக்காத கார்டுகள் அவருக்கு வாய்த்தது அப்படித்தான். கை வராதவர்களின் கருவி என்று சொல்பவர்கள் சொல்லிக்கொண்டே இருக்கட்டும்; அவர்கள் சொல்வது சரி, ஆனால் அது குறை இல்லை.

மண்ணியல் சான்று

‘சுந்தரர் சரி, வீசம் சரி, பீங்கான் ஊருக்கும் கிட்டாருக்கும் என்ன சம்பந்தம்?’ என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. விருத்தாசலத்தில் செராமிக் தொழிற்பேட்டை இருக்கிறது. பீங்கான் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ கொடுக்கும் அரசுக் கல்லூரி இருக்கிறது. பக்கத்தில் நெய்வேலியில் நிலக்கரிக்கு மேலே கிடக்கும் வெள்ளைக் களிமண் இருக்கிறது. பொம்மை, அகல்விளக்கு, கப்பு, ஃபியூஸ் கேரியர், இன்சுலேட்டர் என்று ஊர் வேகவைத்து எடுக்கிறது.

சுட்ட மண்ணுக்குச் சுருதி உண்டு. ஆனால் அது பிடிவாதக்காரச் சுருதி. மானாமதுரைக் கடம் சூளையிலிருந்து என்ன சுருதியோடு வெளியே வருகிறதோ அதுவே ஆயுள் சுருதி. உள்ளே கொஞ்சம் களிமண்ணை ஒட்டி இம்மியளவு இறக்கலாம், அவ்வளவுதான். அதனால்தான் கட வித்வான்கள் சுருதிக்கு ஒன்றாகப் பல கடம் வைத்திருக்கிறார்கள். கேப்போ மாட்ட முடியாத வாத்தியத்துக்குக் கொடுக்கும் விலை அது. இதற்கு நேர் எதிர் ஜலதரங்கம். பீங்கான் கிண்ணங்களில் தண்ணீர் ஊற்றிக் குச்சியால் தட்டுவது. தண்ணீர் கூடினால் சுருதி இறங்கும், எடுத்தால் ஏறும். ராகம் மாறினால் ரிஷபக் கிண்ணத்தில் ஒரு கரண்டி எடுத்து, தைவதக் கிண்ணத்தில் அரைக் கரண்டி விட வேண்டும். சீதா துரைசாமி (1926–2013) போன்றவர்கள் கச்சேரிக்கு நடுவே செய்துகொண்டிருந்த அந்த வேலை மாற்றுச் சுருதியே. கீக்குப் பதில் கரண்டி. பீங்கான் வழியாக மாற்றுச் சுருதிக்கு ஒரு பாதை இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

வேண்டும் என்பவர்களுக்கு: கிட்டாரின் தலையில் மாட்டும் கிளிப் ட்யூனர் ஸ்வரத்தைக் காதால் கேட்பதில்லை. உள்ளே ஒரு சிறு பியசோ வில்லை, மரத்தின் அதிர்வை மின்சாரமாக்கிச் சொல்கிறது. அந்த வில்லை ஒரு பீங்கான் வகை. அகூஸ்டிக் கிட்டாரின் பிரிட்ஜுக்கு அடியில் வைக்கும் பிக்கப்பிலும் பெரும்பாலும் அதே பியசோ. மின் கிட்டார் பிக்கப்பில் பலவற்றுக்குக் காந்தம் ஃபெரைட். கடைக்காரரே ‘செராமிக் மேக்னட்’ என்றுதான் சொல்வார். இவையெல்லாம் விருத்தாசலத்துச் சூளையில் வெந்தவை என்று யாரும் சொல்லவில்லை. பொடியாக்கி, அழுத்தி, சுட்டு எடுத்த குலம். பங்காளிகள்.

கடைசியாக ஸ்லைடு. விரலில் குழாயை மாட்டித் தந்தியின் மேல் வழுக்குகிறவர்கள் பெரும்பாலும் திறந்த சுருதியை, அதாவது எதையும் அழுத்தாமல் மீட்டினாலே ஒரு கார்டு ஒலிக்கும் மாற்றுச் சுருதியை, வைத்துக்கொள்வார்கள். நம்முடைய கோட்டுவாத்தியம், அதுதான் சித்திர வீணை, உருளையைத் தந்தியில் இழைத்து வாசிக்கும் வாத்தியம். திருவிடைமருதூர் சகாராம ராவ் அதில் பேர்பெற்றவர். கிட்டார் ஸ்லைடில் கண்ணாடி, பித்தளை, எஃகு எல்லாம் உண்டு, பீங்கானும் உண்டு. வெளிநாட்டுக் கம்பெனிகள் போர்சலின் ஸ்லைடை நல்ல விலைக்கு விற்கின்றன. பழைய வீடுகளில் சுவரைத் துளைத்து வயர் கொண்டுபோகப் போட்டிருக்கும் பீங்கான் குழாயைப் பார்த்திருக்கிறீர்களா? கனமும் வழவழப்பும் அதேதான். மின்சாரத்தைத் தடுக்கப் பிறந்தது, இசையைக் கடத்தும்.

ஆய்வின் பயன் மக்களுக்குப் போய்ச் சேர வேண்டுமல்லவா? மோதிர விரல் அளவை எடுத்துக்கொண்டு ஒரு பட்டறையில் போய்ச் சொன்னோம். சுந்தரரையும் வீசத்தையும் சேர்த்தே சொன்னோம். பட்டறைக்காரர் பொறுமையாகக் கேட்டார். விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“காயும்போது கொஞ்சம் சுருங்கும், சூளையில வேகும்போது இன்னும் சுருங்கும் சார். உங்க விரல் சைஸுக்கு அச்சு எடுத்தா சுண்டுவிரல்கூட உள்ள போகாது. பெருசா எடுக்கணும்.”

“எடுங்கள்.”

“அச்சு மாஸ்டர் ஒண்ணு பண்ணணும். அந்தக் காசுக்கு நீங்க நாலு கேப்போ வாங்கிடலாம்.” சற்று யோசித்தார். “வழவழன்னு பீங்கான்தான் வேணும்னா ஃபியூஸ் கேரியர் ரெடியா இருக்கு, எடுத்துட்டுப் போங்க.”

“எத்தனை ஆம்பியர்?”

“பதினாறுதான் சார் நிறையப் போவுது.”

பதினாறு. குறித்துக்கொண்டோம்.